குற்றாலத் தண்ணீர் ஆகாத செடி

மைமூன், இந்த வாரம் உன் செடியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீ இருந்தபோது உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏளா' என்பேன். பக்கத்தில் ஆள் இருந்தால் தொண்டையைச் செருமுவேன். நீயும் 'இந்தாருங்க' என்பாய். எங்கள் தெருவில் எல்லாப் புருஷன் பெண்சாதியும் அப்படித்தான். இப்போது கூப்பிட ஆளில்லாத போது பெயர் வாயில் வந்துகொண்டே இருக்கிறது.

போன வாரம் இந்தப் பத்திரிகையில், நெசவுத் தெருவில் பாவு ஓட்டுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் ஓரிடத்தில், மழை தூறியதும் என் மனைவி செடிக்குக் குடை பிடிக்க ஓடினாள் என்று வந்திருந்தது. படித்தவர்கள் சிலர் தெருவிலேயே என்னை நிறுத்தி, "செடிக்கு என்னத்துக்குடே குடை?" என்று கேட்டார்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

கல்யாணம் முடிந்து அவள் முதன்முதலாகத் தென்காசி ஸ்டேஷனில் இறங்கிய நாள். பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். பாயை உம்மா வாங்கிக்கொண்டாள். மடியில் இருந்ததை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு சிரட்டை. அது நிறைய வெள்ளை மணல். மணலில் சாண் உயரத்துக்கு ஒரு செடி, சாம்பல் பூசின மாதிரி.

உம்மா குனிந்து பார்த்தாள்.

"என்னளா இது, சீக்குச் செடியாட்டு இருக்கு?"

"இல்ல மாமி. அது நெறமே அப்படித்தான்."

"பச்சையா ஒண்ணு கெடைக்கலியாக்கும் உங்க ஊர்ல?"

மைமூன் ஒரு இலையைக் கிள்ளி விரலில் கசக்கி, உம்மாவின் மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினாள். உம்மா முகர்ந்தாள். திரும்பவும் முகர்ந்தாள்.

மூன்று புதர்

உடன்குடிக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருக்கிறது அவளுடைய ஊர். என் வாப்பா அந்தக் காலத்தில் எங்கள் தறியில் நெய்த துண்டையும் கைலியையும் மூட்டை கட்டி அந்தப் பக்கம் கொண்டு போய் விற்பார். அப்படிப் பழகின வீட்டில்தான் பெண் எடுத்தார். கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் வாப்பா மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். அவரைப் பற்றி முதல் வாரங்களில் எழுதியிருக்கிறேன்.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருந்தது. தோட்டம் என்றால் வாழை, முருங்கை என்று நினைத்துவிடக் கூடாது. மணல்தான். சுற்றி உடைமுள் வேலி. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். எங்கேயும் நிழல் கிடையாது. அந்த மணலில் மூன்று புதர் நின்றது. கடல்மரு என்றார்கள். மரிக்கொழுந்தோடு சேர்த்துக் கட்டும் மரு இருக்கிறதே, அந்த வாசனையோடு கொஞ்சம் கற்பூரத்தையும் சேர்த்த மாதிரி இருக்கும். இலையைத் தொட்டால் பூனைக் காது மாதிரி மெத்தென்று இருக்கும். காம்பைச் சுற்றி அடுக்கடுக்காக, தும்பைப் பூவைப் போல உதடு விரித்து, நீலத்தில் பூக்கும்.

முன்னே அந்த மணல்மேடு முழுக்க அதுதானாம். காய்ந்த கொப்பு சட்டென்று தீப்பிடிக்கும், அந்தப் புகைக்குக் கொசு அண்டாது. அதனால் ஊரே பிடுங்கி அடுப்பில் வைத்துத் தீர்த்துவிட்டது. வேலிக்குள் நின்ற மூன்றும், அவர்கள் மையவாடியில் நின்றவையும்தான் மிச்சம். மையவாடி என்றால் எங்கள் அடக்கஸ்தலம். புதைத்த இடத்தில், கபரின் தலைமாட்டில், பச்சையாக ஒரு செடி வைப்பது எங்களில் வழக்கம். பச்சை இலை ஆண்டவனைத் துதித்துக்கொண்டே இருக்கும், அது பச்சையாக இருக்கும்வரை உள்ளே இருப்பவருக்கு இலேசு என்பார்கள். அந்த ஊரில் கடல்மருவை நட்டார்கள். தண்ணீர் ஊற்றாமலே அது நிற்கும்.

"எப்படித் தண்ணி இல்லாம?" என்று நான் மாமியாரிடம் கேட்டேன்.

"பனி விழுதுல்லா மருமவனே. அது போதும் அதுக்கு. நம்மள மாதிரி மூணு வேளையா கேக்குது?"

சாரலுக்கு ஆகாத இரண்டு பேர்

எங்கள் ஊர் வேறு. ஆனி பிறந்தால் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று கிளம்பும். கூடவே சாரல். மழை என்றும் சொல்ல முடியாது, பொடியாக விழுந்துகொண்டே இருக்கும். குற்றாலத்துக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் எண்ணெய்க் குப்பியோடு வந்து இறங்குவார்கள். சொர்க்கம் என்பார்கள்.

நெசவாளிக்கு அது பொல்லாத காலம். நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தேய்த்து, வெயிலில் உலர்த்தினால்தான் பாவு. சாரலில் அது உலராது. புளித்து நாறும். போதாததற்கு உலகச் சண்டைக் காலம் வேறு, நூலுக்குத் தட்டுப்பாடு. கிடைத்த கொஞ்ச நூலும் பூசணம் பூத்தால் வயிறு எரியும்.

மைமூன் ஒருநாள் சொன்னாள். "உங்களுக்கும் எஞ் செடிக்கும் ஒரே கொணந்தான். ஊரே சாரல் சாரல்னு குதிக்கி. நீங்க ரெண்டு பேருந்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய."

செடிக்கு இடம் தேடி அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சாரல் மேற்கே இருந்து அடிக்கும். அதனால் தறிக்கொட்டகைக்குக் கிழக்கே, சுவர் மறைவில் வைக்க வேண்டும் என்றாள். சிற்றாற்று மணலை நான் சாக்கில் சுமந்து வந்து போட்டேன். உடைந்த கூரை ஓட்டை நொறுக்கி அடியில் பரப்பினாள். சுண்ணாம்புக் கல்லைத் தட்டிப் போட்டாள். முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, அதன் தலையில் செடியை இறக்கினாள்.

உம்மா கையில் சாணிக் கூடையோடு நின்றாள். "எருப் போடாம செடி வளக்கவளை இப்பத்தான் பாக்கேன்."

"வேண்டாம் மாமி. கொழுத்துட்டா நிக்காது."

"எல்லாம் உங்கூர்க் கதையாத்தான் இருக்கு."

சுவர் மறைவு இருந்தும் காற்று சுழன்று அடிக்கும்போது தூறல் உள்ளே வந்தது. அவள் ஒரு பழைய ஓலைக் குடையைக் கம்பில் கட்டி மேட்டில் ஊன்றினாள். காற்று சாய்த்தால் ஓடிப் போய் நிமிர்த்துவாள். சில நேரம் பிடித்துக்கொண்டே நிற்பாள்.

அடுத்த தறிக்காரர் பீர் அண்ணாச்சி. வாய் சும்மா இருக்காது அவருக்கு. தெருவில் நின்று உரக்கச் சொன்னார். "ஏலே, உம் பெண்டாட்டி செடிக்குக் குடை புடிக்கால்லா. உனக்கு எப்பலே புடிப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் கொட்டகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அண்ணாச்சி, அவங்க நனைஞ்சா காஞ்சிருவாங்க. இது நனைஞ்சா செத்துரும்."

தெருவே சிரித்தது. அண்ணாச்சிதான் அதிகம் சிரித்தார். அந்த வருஷம் செடி சாரலைத் தாண்டிவிட்டது. தையில் பூத்தது.

உம்மாவின் குடம்

உம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குற்றாலத் தண்ணீர் மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை. மலையில் உள்ள அத்தனை மூலிகையிலும் பட்டு இறங்குகிற தண்ணீர் என்பாள். சாரல் காலத்தில் தெருப் பெண்களோடு மாட்டு வண்டியில் போய்க் குளித்துவிட்டு, ஒரு செப்புக்குடம் நிறைய வீட்டுக்குக் கொண்டு வருவாள். வயிற்று வலிக்கு அது. தலைச் சூட்டுக்கு அது. பால் வற்றிய ஆட்டுக்கும் அதைத்தான் கொடுத்தாள். ஆடு கறந்தது. அதிலிருந்து அவளோடு யாரும் வாதாட முடியாது.

மறுவருஷம் ஆனியில் மைமூனின் தங்கைக்குப் பிள்ளைப்பேறு. ஊருக்குப் போனாள். போகும்போது, "மாமி, அதுக்குத் தண்ணி மட்டும் விட்டுராதிய. குடையப் பாத்துக்கிட்டா போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் போன கொஞ்ச நாளில் செடியின் அடியிலைகள் மஞ்சளாகின. அது எப்போதும் அப்படித்தான், அடியிலை பழுத்து உதிரும். உம்மாவுக்கு அது தெரியாது. மருமகள் உயிராக வைத்திருந்த செடி, அவள் இல்லாத நேரத்தில் வாடுகிறது என்று பயந்துவிட்டாள். கிணற்றுத் தண்ணீர் விடக் கூடாது என்றுதானே சொன்னாள், இது குற்றாலத் தண்ணீர் அல்லவா என்று நினைத்தாள். குடம் குடமாக ஊற்றினாள். குடம் தீர்ந்தால் மறுபடி வண்டி ஏறினாள்.

எனக்குத் தெரியாது. தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால், வாசல் வழியாக வெளியே தெரிவது போகிற வருகிறவர்களின் பாதம் மட்டும்தான். உம்மாவின் பாதம் கொட்டகையைச் சுற்றிப் போகும், திரும்பி வரும். கோழிக்குத் தண்ணீர் வைக்கிறாள் என்று இருந்தேன்.

மைமூன் வந்து பார்த்தபோது தண்டின் அடி கறுத்துப் போயிருந்தது. விரலால் அழுத்தினாள். வெந்த கிழங்கு மாதிரி உள்ளே போனது.

உம்மா பின்னால் நின்றாள். "பழுப்பு விழுந்துச்சுளா. நான் வேற தண்ணி விடல. அருவித் தண்ணிதான் விட்டேன்."

மைமூன் ஒவ்வொரு கொப்பாக நுனிவரை தடவிப் பார்த்தாள்.

"குத்தாலத் தண்ணி பட்டுச் செத்தது உலகத்துலயே இது ஒண்ணாத்தான் இருக்கும்" என்றாள் உம்மா. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மைமூன் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "அழாதிய மாமி. நுனி இன்னும் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கத்திரிய எடுத்துட்டு வாங்க" என்றாள்.

என் நூல் கத்திரியை உம்மாதான் எடுத்துக்கொண்டு ஓடினாள். மைமூன் கறுக்காத நுனிகளாகப் பார்த்து விரல் நீளத்துக்கு நறுக்கினாள். கீழ் இலைகளை உருவிவிட்டு, லேசாக ஈரம் காட்டிய மணலில் செருகினாள். ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து மூடினாள். தினமும் காலையில் சட்டியைத் தூக்கி மூச்சு விட வைத்து மூடுவாள். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள், தொடமாட்டாள். ஒவ்வொன்றாகக் கறுத்தது. ஒன்றே ஒன்று பிழைத்தது.

அதிலிருந்து அந்த மேட்டுப் பக்கம் யாராவது தண்ணீர்ப் பாத்திரத்தோடு போனால் உம்மாவே, "ஏய், அங்கன போவாத" என்று விரட்டுவாள்.

அவள் கேட்டது

ஒருநாள் நுனி கிள்ளிக்கொண்டே கேட்டாள். "நான் இங்கன மௌத்தானா, தலைமாட்டுல இதுல ஒரு கொப்பு வைப்பியளா?"

"ஏளா, வாயக் கழுவு."

"இல்ல, உங்க ஊர் மையவாடியச் சுவத்துக்கு மேல எட்டிப் பாத்தேன். எல்லாக் கபருலயும் துன்னூத்துப் பச்சைச் செடிதான் வச்சிருக்காவ. கோடையில மொத்தமும் காஞ்சி கெடக்கு. பாக்கப் பாவமா இருக்கு. இது காயாதுல்லா."

"உம் பேரன் வைப்பான். போ."

அவளுக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கி எடுக்கும். ஊரில் நிறையப் பேருக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை சில நாள் இருந்தது, சில நாள் இல்லை. சண்டைக்குப் போய்விட்டது என்றார்கள். உம்மா அவள் பக்கத்தைவிட்டு அசையவில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டாள். குற்றாலத் தண்ணீர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நான்தான் கேட்டேன், கொஞ்சம் கொண்டு வரட்டுமா என்று. "வேண்டாம்லே. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

ஒரு காலையில் மைமூன் போய்விட்டாள். வெயில் நன்றாக அடித்தது அன்றைக்கு. தெருவில் யாரோ பாவு கட்டியிருந்தார்கள். அவள் மைத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதற்காக அவிழ்த்து வழி விட்டார்கள்.

அடக்கிவிட்டு, வழக்கம்போல துன்னூத்துப் பச்சையை நட்டார்கள். அவள் கேட்டிருந்த கொப்பைப் பற்றிச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஒரே செடி

பிறகு அவள் ஊருக்குப் போனேன். மாமியாரிடம் ஒரு செடி வாங்கிவந்து கபரில் வைக்கலாம் என்று நினைத்தேன். வீட்டில் இருப்பதைத் தோண்ட மனம் வரவில்லை.

வேலி இல்லை. மணலில் வரிசையாகத் தென்னம்பிள்ளை நின்றது. புதிதாகக் கிணறு வெட்டி நல்ல தண்ணீர் கிடைத்ததாம். மைமூனின் மாமா வைத்தது. பாய்ச்சிய தண்ணீரில் மூன்று புதரும் அழுகிப் போயின. அந்த ஊர் மையவாடிக்கும் போய்ப் பார்த்தேன். சுவர் கட்டுகிறோம் என்று செதுக்கித் தள்ளியிருந்தார்கள்.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி உங்க வீட்டுல நிக்கதுதான் மருமவனே."

வீடு வந்து உம்மாவிடம் சொன்னேன்.

"அவ கேட்டதச் செய்யணும்லே" என்றாள்.

"தோண்டி வச்சுச் செத்துப் போச்சுன்னா? அப்புறம் எங்கயுமே கெடையாதும்மா."

"எதுக்குத் தோண்டுத? நுனி வெட்டு. அவ எப்படி வெட்டுனா, நானும் பாத்தேன், நீயும் பாத்த."

தையில் வெட்டினோம். நான் வெட்டினேன், உம்மா சட்டியைத் தூக்கித் தூக்கி மூடினாள். இரண்டு வேர் பிடித்தன. ஒன்றை எடுத்துப் போய், துன்னூத்துப் பச்சை காய்ந்து கிடந்த இடத்தில் மணல் போட்டு மேடாக்கி நட்டேன்.

பங்குனியில் அதுவும் செத்தது. வெயிலில் காய்ந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன். அடி கறுத்து அழுகியிருந்தது. ஊரில் ஒரு பொட்டு மழை கிடையாது அப்போது.

குழி வெட்டுகிற மைதீன் அண்ணாச்சி அங்கேயே இருப்பவர். அவரிடம் கேட்டேன்.

"யாரும் கெடுதல் செய்யலடே. எல்லாரும் நல்லதுதான் செஞ்சாவ" என்றார். "வெள்ளிக்கிழமை வருதவன் அவனவன் கபருக்குச் செம்புல தண்ணி கொண்டாருதான். ஊத்திட்டு மிச்சத்தைப் பக்கத்துக் கபருக்கு ஊத்துதான். சின்னப் பிள்ளை, வாழாமப் போயிட்டாளேன்னு உம் பெண்டாட்டி கபருக்குக் கூடக் கொஞ்சம் ஊத்துதாவ. நானும் ஊத்துனேன்."

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. கபருக்குத் தண்ணீர் விடுவது நன்மை. இளம் வயது என்பதால் அவளுக்கு எல்லோரையும்விட அதிகமாகக் கிடைத்திருக்கிறது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? யாரிடம் என்று சொல்வது?

உம்மாவிடம் வந்து சொன்னேன். "என்னைய மாதிரித்தான் எல்லாரும்" என்றாள்.

எங்கள் பக்கம் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. மருமகளின் கபரை உம்மா இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நான் போனபோது, முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசல் கல்லுக்கு வெளியே அவள் நின்றாள். செம்போடு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தினாள்.

"வாப்பா, உங்க கபருக்கு ஊத்துங்க. எம் மருமவளுக்கு மட்டும் வேண்டாம். அவ செடிக்கு ஆகாது. ஓதிட்டு மட்டும் வாங்க."

சிலர் விழித்தார்கள். சிலர் சரியென்றார்கள். பீர் அண்ணாச்சி செம்பை அவள் காலடியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனார்.

இரண்டாவது கன்றைக் கபரில் அதே இடத்தில் நட்டிருக்கிறேன். உம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வாசலில் நிற்கிறாள். நான் வெளியே வந்ததும், "ஈரமா இருக்கா?" என்று மட்டும் கேட்பாள். இல்லை என்றால் வீட்டுக்கு நடப்பாள்.

இப்போது சாரல் தொடங்கிவிட்டது. வீட்டுச் செடிக்குப் புதுக் குடை ஒன்று கட்டிவிட்டு, பழைய ஓலைக் குடையைக் கொண்டு போய்க் கபரின் தலைமாட்டில் ஊன்றியிருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. முந்தாநாள் காற்று சாய்த்துவிட்டதோ என்று போய்ப் பார்த்தேன். எனக்கு முந்தியே பீர் அண்ணாச்சி வந்து குடையை நிமிர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "செடிக்குத்தாம்லே" என்றார்.

கன்றில் நான்கைந்து இலை புதிதாக விட்டிருக்கிறது. பூக்குமா, சாரலைத் தாண்டுமா என்று சொல்லத் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எல்லோரும் மைமூனுக்காக ஒருதரம் துஆக் கேளுங்கள். எங்கள் மார்க்கத்தில் இல்லாதவர்கள் உங்கள் சாமியிடம் அவள் பெயரைச் சொல்லுங்கள், போதும். தென்காசிக்கு வருகிறவர்கள் மையவாடிக்கு வந்தும் ஓதலாம். கபரைத் தேட வேண்டியிருக்காது, குடை நிற்கும். வரும்போது கையில் தண்ணீர் கொண்டு வராதீர்கள்.